கூட்டு, மரண நிதி, கோயில் வரி: தோட்டத்து ஒத்தாசை எப்படி நடந்தது, தாமானில் ஏன் தடுமாறுகிறது?

கூட்டுப் பண மோசடி என்று பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான ரப்பர்த் தோட்டப்புற ஊர்களில் ஒரே கேள்விதான் எழும். "நாங்களும் இருபது வருஷமாகக் கூட்டு கட்டுகிறோமே, அப்போ நாங்களும் குற்றவாளிகளா?" கூட்டு சட்டவிரோதம் என்று காவல்துறை எச்சரிக்கிறது. வீட்டிலோ, அக்காள் கல்யாணமும் தம்பியின் காலேஜ் கட்டணமும் கூட்டு எடுத்த பணத்தில்தான் நடந்தன. யார் சொல்வது சரி?

இதோடு ஒட்டி இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தோட்டத்தில் இருந்தபோது சாவு வீட்டுச் செலவை மரண சகாய நிதி பார்த்துக்கொண்டது. தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்த பிறகு அதே நிதி, அதே ஆட்கள், ஆனால் நான்கைந்து வருஷத்தில் சந்தா நின்றுபோய், கணக்குப் புத்தகம் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாமல் போகிறது. "ஜனங்க மாறிட்டாங்க, ஒத்துமை போயிடுச்சு" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஜனங்கள் அப்படியொன்றும் மாறவில்லை. மாறியது அந்த ஒத்தாசையைத் தாங்கி நின்ற ஏற்பாடு. அதை அடியிலிருந்து பார்த்தால் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே விடை கிடைக்கும்.

முதலில் சில சொற்கள்

1. கூட்டு: பத்துப் பன்னிரண்டு பேர் மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டு, மொத்தத்தை மாதம் ஒருவர் எடுத்துக்கொள்ளும் முறை. தமிழ்நாட்டில் சீட்டு என்பார்கள். மலாய்க்காரர்கள் 'கூத்து' (kutu) என்பதும் சீனர்கள் 'ஹுவே' என்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

2. மரண சகாய நிதி: குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டி, உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் ஒரு தொகையைக் கொடுக்கும் நிதி. கூட்டில் போட்ட பணம் ஒருநாள் திரும்பி வரும். இதில் சாவு விழாதவரை வராது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

3. கோயில் வரி: தோட்டத்துக் கோயிலின் திருவிழாவுக்கும் பராமரிப்புக்கும் குடும்பவாரியாகத் தண்டும் பணம்.

4. கோத்தோங் ரோயோங்: பணமில்லாமல் உழைப்பாகச் செய்யும் ஒத்தாசை. சொல் மலாய், வழக்கம் எல்லாருடையதும்.

லயம்: யாரும் கையெழுத்துப் போடாத ஜாமீன்

கூட்டில் ஆபத்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முதலிலேயே பணத்தை எடுத்தவர் பிறகு கட்டாமல் போனால் என்ன செய்வது? வங்கி என்றால் நிலப்பட்டா கேட்கும், ஜாமீன் கேட்கும், சம்பளச் சீட்டு கேட்கும். தோட்டத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை. அப்படியிருந்தும் பெரும்பாலான கூட்டுகள் ஒழுங்காக முடிந்தன. நல்ல மனசு ஒரு காரணம்தான். அதற்கும் மேலே நான்கு விஷயங்கள் இருந்தன.

1. எல்லாருக்கும் ஒரே சம்பள நாள். பால் மரம் வெட்டுகிறவர், பால் கொட்டகையில் வேலை செய்கிறவர், புல்லுக்கு மருந்தடிக்கிறவர், யாராக இருந்தாலும் கிராணியார் (தோட்ட எழுத்தர்) சம்பளம் போடும் நாள் ஒன்றே. அன்று சாயங்காலம் கூட்டுத் தலைவி வாசலுக்கு வந்தால் 'கையில் காசில்லை' என்று சொல்ல வழியில்லை.

2. எல்லாருடைய வருமானமும் எல்லாருக்கும் தெரியும். எந்த நிரை (மர வரிசை) யாருடையது, அதில் பால் எப்படி இறங்கும், இந்த மாதம் எத்தனை நாள் மழை, யார் எத்தனை நாள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வரவில்லை, எதுவும் ரகசியம் இல்லை. இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கூட்டைத் தாங்குகிற வீடு எது, தாங்காத வீடு எது என்று கூட்டுத் தலைவி வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. இன்று வங்கி காசு செலவு செய்து திரட்டுகிற விவரம் அவளுக்குத் தண்ணீர்க் குழாயடியிலேயே கிடைத்தது.

3. ஓட முடியாது. வீடு தோட்டத்தினுடையது, வேலை போனால் வீடும் போகும். கடன் வைத்துவிட்டு இரவோடு இரவாகக் கிளம்பினால் வேலை, வீடு, பிள்ளையின் தமிழ்ப்பள்ளி, கோயில் மரியாதை எல்லாமே ஒரே வீச்சில் போய்விடும்.

4. மறைவில்லை. பழைய லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பு, கூரைவரை எட்டாது. அடுத்த வீட்டில் குழந்தைக்கு இருமல் என்றாலும் தெரியும், புதுச் சங்கிலி வந்தாலும் தெரியும்.

இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஜாமீன். லயத்தில் குடியிருந்ததே கையெழுத்துப் போட்ட மாதிரி.

இதைப் பொற்காலம் என்று பாடிவிட முடியாது. இந்த நெருக்கம் அவர்களாகத் தேடிக்கொண்டதல்ல. வீட்டையும் வேலையையும் ஒரே முடிச்சில் கட்டியது முதலாளிக்கு வசதியாக இருந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் பின்வந்த ஆண்டுகளில் அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களைப் பல தோட்டங்களில் வேலிக்குள் ஒன்றாகச் சேர்த்தார்கள். நெருங்கி வாழ்ந்ததில் கட்டாயமும் கலந்திருந்தது. சாதி பார்த்து ஒதுக்கிய லயங்களும் உண்டு, கங்காணி குடும்பத்துக்கு அடங்கிப் போக வேண்டிய நிலையும் உண்டு. அந்த இறுக்கத்துக்குள்ளேதான் பெண்கள் கூட்டு கட்டினார்கள், பிரசவம் பார்த்தார்கள், பெரட்டுக்குப் போகும்முன் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்தார்கள். அதனால்தான் அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கூட்டின் கணக்கு: எது மலிவு, எது மலிவில்லை

கூட்டில் இரண்டு வகை. வரிசைக் கூட்டில் யார் எந்த மாதம் எடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பார்கள், அல்லது குலுக்கிப் போடுவார்கள். ஏலக் கூட்டில், மற்றவர்கள் கட்டும் தொகையில் யார் அதிகம் தள்ளிக் (தள்ளுபடி கொடுத்துக்) கேட்கிறாரோ அவருக்கு அந்த மாதப் பணம்.

பன்னிரண்டு பேர், ஆளுக்கு 200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வரிசைக் கூட்டில் கணக்கே தேவையில்லை. எடுக்கிறவருக்கு மற்ற பதினொரு பேரிடமிருந்து 2,200 வரும், அவர் மற்ற பதினொரு மாதங்களில் கட்டுவதும் 2,200. முதலில் எடுப்பவருக்கு வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு.

ஏலக் கூட்டில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள், மோசடி எதுவும் நடக்காதபோதே.

1. முதல் மாதம் கூட்டுத் தலைவி எடுத்துக்கொள்கிறார். அது அவருடைய உழைப்புக்கும் பொறுப்புக்கும் கூலி.

2. இரண்டாம் மாதம் ஒருவருக்கு அவசரம். 30 ரிங்கிட் தள்ளிக் கேட்கிறார். இன்னும் எடுக்காத பத்துப் பேர் ஆளுக்கு 170 கட்டுகிறார்கள், அது 1,700. ஏற்கெனவே எடுத்துவிட்ட தலைவி முழுசாக 200 கட்டுகிறார். கைக்கு வருவது 1,900.

3. அவர் முதல் மாதம் 200 கட்டியிருக்கிறார். ஆகவே உண்மையில் வாங்கிய கடன் 1,700 மட்டுமே. இனி வரும் பத்து மாதமும் 200 வீதம் 2,000 கட்டுவார். கூடுதலாகப் போவது 300.

4. ஒவ்வொரு மாதமும் இதே 30க்கு ஏலம் போனால், கடைசியில் எடுப்பவர் முதல் மாதம் 200, அப்புறம் பத்து மாதம் 170 வீதம் என்று 1,900 கட்டி 2,200 எடுப்பார். அவருக்கு 300 லாபம். முன்னால் எடுத்தவர் இழந்த அதே 300.

1,700க்கு 300 என்றால் பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, பத்து மாதமும் 1,700 முழுசாக அவர் கையில் இருக்கவில்லை. குறைந்துவரும் கடனுக்குக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு 3 விழுக்காட்டுக்கும் மேல் வரும். அடகுக் கடையில் சட்டப்படி வாங்கக்கூடிய அதிகபட்ச வட்டி மாதத்துக்கு 2 விழுக்காடு. உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. ஆகவே சூடு பிடித்த ஏலக் கூட்டு மலிவான கடன் அல்ல. காதில் கழுத்தில் இருப்பதை அடகு வைத்தால் அதைவிடக் குறைவாகவே செலவாகும்.

அப்படியும் மக்கள் ஏன் ஏலம் கேட்டார்கள்? அடகு வைக்க நகை இல்லாதவருக்கு அடுத்த வாசல் உரிமம் பெற்ற கடையாக இருந்ததில்லை, ஆலோங்காகத்தான் (உரிமமில்லாத வட்டிக்காரர்) இருந்தது. கூட்டில் அவமானம் குறைவு, காகிதம் இல்லை, கட்டப்போவதும் தெரிந்த முகத்திடம். மளிகைக்கடைக் கடனைக் குறித்துவைக்கும் 555 நோட்டில் புள்ளி ஏறிக்கொண்டே போகும்போது, மொத்தமாக ஒரு தொகை கையில் வந்து கடையை நேர் செய்வது என்பது அந்த வீட்டுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது

மலேசியாவில் இதற்கென்றே 1971இல் ஒரு சட்டம் வந்தது. கூட்டு நிதித் தடைச் சட்டம். அதன் ஆங்கிலப் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' என்ற சொல் அப்படியே இருக்கிறது. கூட்டு, சீட்டு, ஹுவே, டொண்டைன் என்று எந்தப் பெயரில் நடந்தாலும், பலர் ஒரு பொதுத் தொகையில் பணம் போட்டு, ஏலத்திலோ குலுக்கலிலோ வேறு வழியிலோ அதை ஒருவர் எடுக்கும் ஏற்பாடு இந்த வரையறைக்குள் வரும். தண்டனை சிறியதல்ல: 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, அப்படியானால் அம்மா கட்டிய கூட்டு? இங்கே சட்டத்தின் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கூட்டு நிதியைத் தொழிலாக, அதாவது வியாபாரமாக, நடத்துவதைத்தான் அது குற்றமென்கிறது. லாப நோக்கில் ஆள் சேர்ப்பது, கட்டணம் வாங்குவது, ஒரே நேரத்தில் பல கூட்டுகளை ஓட்டுவது போன்றவை அந்தப் பக்கம் சாய்கின்றன. பத்துப் பேர் சொந்தபந்தத்துக்குள் கமிஷன் இல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வது அவ்வளவு தெளிவாக அதற்குள் வராது. வழக்கறிஞர்கள் வாதாடுவதும் இந்த இடத்தில்தான். காவல்துறை எச்சரிக்கைகளில் இந்த நுணுக்கம் இருப்பதில்லை, மொத்தமாகக் 'கூட்டு வேண்டாம்' என்றே இருக்கும்.

குடும்பத்துக்கு முக்கியமான செய்தி வேறு. உரிமமோ பதிவோ இல்லாத ஏற்பாட்டில் பணம் போனால், அதை மீட்டுத் தர எந்தக் காப்புறுதியும் கிடையாது. வங்கிச் சேமிப்புக்கு மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதி நிறுவனத்தின் பாதுகாப்பு ஆளுக்கு, வங்கிக்கு 250,000 ரிங்கிட் வரை உண்டு. கூட்டுக்கு எதுவுமில்லை. லயத்தில் அந்தப் பாதுகாப்பின் இடத்தில் நின்றது லயமே. லயம் போன பிறகு அந்த இடத்தில் எதுவும் நிற்கவில்லை. செய்தியில் வருகிற மோசடிகளில் பலவும் இந்த வெற்றிடத்தில்தான் நடக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது பேர், தலைவி யாரென்று நேரில் பார்த்தவர் நான்கு பேர், 'முதல் மாதமே எடுக்கலாம்' என்ற ஆசைக்காட்டல்.

சாவு வீடும் மரண நிதியும்

தோட்டத்தில் ஒருவர் இறந்தால் வேலைகள் சொல்லாமலே பிரிந்துகொள்ளும். இளைஞர்கள் தகரக் கொட்டகையும் நாற்காலியும் கொண்டுவருவார்கள். ஒருவர் போலீஸ் நிலையத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அலைவார். பெண்கள் பக்கத்து வீட்டு அடுப்பில் சமைப்பார்கள், ஏனென்றால் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. காப்பி மட்டும் விடியவிடியக் கொதிக்கும். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த வீட்டுப் பெண்ணைத் தனியாக விடமாட்டார்கள்.

உழைப்பு இலவசம்தான். பெட்டி, வண்டி, புரோகிதர், சுடுகாட்டுக் கட்டணம் இலவசமல்ல. அந்தச் செலவுக்கு ஊழியர் சேமநிதி வாரியத்தின் மரண உதவித்தொகை 2,500 ரிங்கிட் இருக்கிறது, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஈமச்சடங்கு உதவியும் இருக்கிறது. இரண்டும் தகுதியுள்ள உறுப்பினருக்கு மட்டுமே, அதுவும் விண்ணப்பித்த பிறகுதான் கிடைக்கும். சாவு விழுந்த அன்று மத்தியானமே கையில் வேண்டிய பணத்தை அவை தர முடியாது. எந்தச் சேமநிதியிலும் பெயர் இல்லாத பாட்டிக்கு அதுவும் இல்லை. மரண நிதியின் தேவை இந்தச் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

அந்த நிதியை நடத்தியது சம்பளப் பிடித்தம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தொழிலாளி எழுத்தில் கேட்டுக்கொண்டால் தொழிற்சங்கச் சந்தா, கூட்டுறவுச் சங்கப் பணம் போன்றவற்றைச் சம்பளத்திலிருந்து பிடிக்க இடம் தருகிறது. கோயில் வரி, மரண நிதி போன்றவையும் பல தோட்டங்களில் சம்பள மேசையை ஒட்டியே தண்டப்பட்டன. நிதியின் செயலாளர் வீடுவீடாக நடக்கவில்லை, பாக்கி என்ற பேச்சு வரவில்லை. தாமானுக்கு வந்ததும் போன முதல் விஷயம் இதுதான். ஒருவர் தொழிற்சாலையில், ஒருவர் லாரியில், ஒருவர் சிங்கப்பூரில். ஐந்து ரிங்கிட் சந்தாவுக்காக முப்பது வீடு ஏறி இறங்க, ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எத்தனை நாள் நடப்பார்?

இரண்டாவது சிக்கல் பதிவு. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு பதிவு பெற வேண்டும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் அறிக்கையும் கணக்கும் சங்கங்களின் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். தோட்டத்தில் இருந்தபோது கிராணியாரோ பள்ளி ஆசிரியரோ மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுப்பார். அவர் மாற்றலாகிப் போன பிறகு அந்த வேலைக்கு ஆளில்லை. நேர்மை இருந்தும் காகிதம் இல்லாததால் செத்துப்போன நிதிகளைப் பற்றிக் கேட்கும்போதுதான் எனக்கு மனம் அதிகம் வலிக்கிறது.

மூன்றாவது, வயது. மரண நிதியில் போட்ட பணம் திரும்பி வராது என்று முன்னால் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இளம் குடும்பங்கள் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் முதியவர்களின் சாவுச் செலவைத் தாங்க முடியும். இளையவர்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டால் கட்டுகிறவர் குறைந்து, வாங்குகிறவர் கூடுவார். யாருமே திருடாமல் நிதி வற்றிப்போகும்.

கோயிலும் கோத்தோங் ரோயோங்கும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில், எல்லையில் ஒரு முனியாண்டி என்பது பொதுவான அமைப்பு. கோயில் கமிட்டிதான் ஊர்க் கூட்டம், சண்டை தீர்க்கும் இடமும் அதுதான். ஆனால் கோயில் நின்ற நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில். நிலம் கைமாறினால் கோயிலுக்குப் பட்டா இல்லை, ஊருக்குக் கூடும் இடமும் இல்லை. புல் வெட்டவும் வாய்க்கால் தூர்வாரவும் பள்ளிக்கு வெள்ளையடிக்கவும் கூடின கோத்தோங் ரோயோங் அந்த இடத்தைச் சார்ந்தே நடந்தது.

பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய கதை

அக்கம்பக்க ஒத்தாசை லயத்தோடு நின்றுவிடும் சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால், 1960ஐப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். துண்டான தோட்டத்தில் பலருக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவருக்கு வீடும் இல்லை.

அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேருங்கள் என்று தொழிலாளர்களைக் கேட்டார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பிறகு இன்னும் பல தோட்டங்கள் வந்தன.

கூட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வங்கியைப் பார்த்திராத ஒருவர், தன் பத்து வெள்ளியை முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் பத்து வெள்ளியோடு சேர்க்கத் துணிந்தார் என்றால், மாதாமாதம் சிறுதொகை போட்டுப் பெருந்தொகை எடுக்கும் பழக்கம் அவருக்கு வீட்டிலேயே இருந்தது. கூடவே, லயம் தந்த ஜாமீனின் இடத்தில் இங்கே சட்டம் வந்தது: கூட்டுறவுப் பதிவு, தணிக்கை, பொதுக்கூட்டம், பங்குப் புத்தகம். நெருக்கம் குறையும்போது காகிதம் கூட வேண்டும் என்பதை அந்தச் சங்கம் பெரிய அளவில் செய்து காட்டியது.

தாமானில் என்ன உடைந்தது

ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தபோது ஏக்கருக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைந்தார்கள். நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்தன. சொந்தப் பட்டா, சுவர் முழுசாக எழும்பிய வீடு, தனிக் கழிப்பறை: இவற்றை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஒரு தலைமுறை போராடிப் பெற்ற வசதி அது.

ஆனால் ஜாமீனின் நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

1. சம்பள நாள் பலவானது. ஒருவருக்கு 25ஆம் தேதி, ஒருவருக்கு 7ஆம் தேதி, கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு நாளே கிடையாது.

2. வருமானம் மறைந்தது. கார் புதிதாக இருக்கும், அதற்குள் எத்தனை தவணை பாக்கி என்று யாருக்கும் தெரியாது.

3. ஓடுவது சுலபமானது. வாடகை வீடு மாறினால் போதும், கைப்பேசி எண்ணை மாற்றினால் போதும்.

4. கதவு சாத்தப்பட்டது. இரும்புக் கிராதிக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் யார் நோயாய் இருக்கிறார் என்று தெரிவதற்கே நாளாகிறது.

இந்த நான்கும் விழுந்த பிறகும் பழைய விதிகளோடு கூட்டு நடத்துவதுதான் இன்றைய ஆபத்து. அதே பெண்கள், அதே பாசம், அடியில் தரை மட்டும் இல்லை.

அமானா இக்தியார் மலேசியா என்ற சிறுகடன் அமைப்பு 1987 முதல் இயங்குகிறது. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியைப் பார்த்து அமைந்தது. ஈடு கேட்பதில்லை, பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறவர்களை ஐந்து ஐந்து பேராகக் குழு சேர்த்து, வாரந்தோறும் கூட வைத்து, எல்லார் முன்னிலையிலும் கட்ட வைக்கிறது. நம் பெண்கள் குழாயடியில் செய்ததை விதியாக எழுதிக்கொண்டது என்றே சொல்வேன். கூடும் நாளும் இடமும் முகமும் உறுதியாக இருந்தால், லயமில்லாமலும் ஜாமீனைக் கட்ட முடியும் என்று அது காட்டுகிறது.

இப்போது செய்யக்கூடியது

1. கூட்டுத் தலைவி வீடு எங்கே, வேலை எங்கே என்று நேரில் தெரியாவிட்டால் சேராதீர்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்பது போதாது.

2. ஏலத்தைத் தவிர்த்து, தள்ளுபடி இல்லாத வரிசை முறைக்குத் திரும்புவது நல்லது. வியாபாரம் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது, அவசரக்காரரின் கழுத்தும் நெரிபடாது.

3. தொகையைச் சிறிதாக வையுங்கள். ஒருவர் கட்டாமல் போனால் மற்றவர்கள் பகிர்ந்து தாங்கக்கூடிய அளவே சரியான அளவு.

4. பெரிய தேவைக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பக்கம் போங்கள். பதிவும் தணிக்கையும் அங்கே இருக்கின்றன.

5. மரண நிதி நடத்துகிறவர்கள் சந்தாவை மாதாமாதம் தண்டுவதைவிட ஆண்டுக்கு ஒருமுறை தண்டலாம். திருவிழா நாள் அதற்குப் பொருத்தம், வெளியூர்ப் பிள்ளைகள் அன்று எப்படியும் வருவார்கள். சேர்ந்த பணத்தை நிதியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போட்டு, எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்று வையுங்கள்.

6. பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்பும் வேலையைக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை ஒருவரிடம் கொடுங்கள். அறுபது வயதுச் செயலாளருக்கு மலையாகத் தெரிகிற பாரம் அவர்களுக்கு ஒரு சாயங்கால வேலை.

7. வெளியூரில் வேலை செய்யும் மகனையோ மகளையோ உறுப்பினராக்குங்கள். சாவு வீட்டுக்கு வந்து கொட்டகை போட அவர்களால் முடியாது, சந்தா அனுப்ப முடியும். இளம் உறுப்பினர் இல்லாத நிதி வற்றிப்போகும் என்று பார்த்தோம், அதற்கு மருந்து இதுதான்.

இப்போது லயத்தில் இருப்பவர்கள்

நாம் காலி செய்த லயங்கள் காலியாக இல்லை. இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் அங்கே இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளருக்கு முதலாளி தர வேண்டிய வீடு, தண்ணீர், வசதிகள் பற்றி 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருக்கிறது. அது நம் பெற்றோருக்காகப் பேசப்பட்டு வந்தது, இன்று பெரும்பாலும் இவர்களுக்குத்தான் பொருந்துகிறது. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள்.

அவர்களுக்கும் ஒரே சம்பள நாள், ஒரே குழாயடி, விட்டு ஓட முடியாத வேலை ஒப்பந்தம். இந்தோனேசியர்கள் ஊரில் கூட்டுக்கு 'அரிசான்' என்று பெயர். குழு சேர்ந்து பணம் போடுவார்கள், குலுக்கிப் பெயர் எடுப்பார்கள், பெயர் வந்தவர் வீட்டுக்கு அனுப்புவார். பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நாம் காரில் போகும்போது அன்னதானப் பந்தியின் ஓரத்தில் அவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தோட்டத்தின் மரண நிதி இன்னும் உயிரோடிருந்தால், விதிப்புத்தகத்தில் உறுப்பினர் யார் என்று எழுதியிருக்கும் பக்கத்தை அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஒருமுறை திறந்து படித்துப் பார்க்கலாம். 'இத்தோட்டத்தில் வசிப்போர்' என்று எழுதியிருந்தால், அந்த வரியில் இன்று இருப்பது அவர்கள்தான்.